எபினேசர் கடை டிவியில் எங்கள் வாசல்

அன்புள்ள மச்சான் பொன்ராஜுக்கு,

திருவொற்றியூர் குப்பத்திலிருந்து மாமா பொன்னுரங்கம் எழுதுவது. எண்ணூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வடிவுடையம்மன் துணை. இங்கே உன் அக்கா நீலாவும் அவளுடைய மூட்டுவலியும் நலம். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் ஒன்பது திருத்தம் போடுகிறாள். அதனால்தான் கடிதம்.

எங்கள் தெருக் கேமராவைக் கழற்றச் சொல்லி நீ ஒரு மனு எழுதித் தரவேண்டும். குடியிருப்போர் சங்கம் மாட்டியது. சங்கச் செயலாளர் எபினேசர் அண்ணாச்சி, முனையில் ஆணி, பெயிண்ட் விற்கிறாரே அவர்தான், அது பிடிப்பதையெல்லாம் கடை டிவியில் நாள் முழுக்க ஓடவிடுகிறார். கேமரா பார்ப்பதோ நேராக என் வாசலை. "இன்னா அண்ணாச்சி, நான் லுங்கிய மடிச்சுக் கட்டிகினு பல்லு வெளக்கறத ஆணி வாங்க வர்றவன்லாம் பாக்கணுமா?" என்று கேட்டேன். "பாதுகாப்புக்குத்தான வச்சிருக்கு. திருடன் வந்தா தெரியும்லா?" என்கிறார். ஆறு மாதமாக அதில் மாட்டியது நான் ஒருவன்தான்.

ஆனாலும் போன ஞாயிறு நடந்ததைக் கேள். நம் பெண் சௌமியாவுக்கு இரண்டு வரன் தட்டிப்போனது உனக்குத் தெரியும். மூன்றாவதாக உங்கள் ஊர்ப் பையன் ரஞ்சித் வீட்டார் அன்று பெண் பார்க்க வருவதாக இருந்தது. நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம், அது கழியாமல் படியேற மாட்டார்கள், நேரம் கிடக்கிறது என்று எதிர்வீட்டு மஜீது பாயிடம் இரவல் கேட்டுவைத்திருந்த சோபாவை பாய் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தூக்கிவந்தால் அது நம் நிலைப்படியில் சிக்கிக்கொண்டது, சோபாவுக்கும் கதவுக்கும் நடுவே நானும் சிக்கிக்கொண்டேன், உள்ளேயிருந்து உன் அக்கா, "யோவ், பாய் வூட்டு சோபாய்யா, கிழிச்சித் தொலைக்காத!" என்று கத்துகிறாள். கட்டினவன் நசுங்குவது அவளுக்குப் பெரிதில்லை. பட்டுப்புடவையோடு சௌமியாதான் ஓடிவந்து, சோபாவை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பிடித்து இழுத்து, "நைனா, மூச்சு வுடு, மூச்சு வுடு" என்று நெஞ்சைத் தேய்த்தாள்.

ஒருவழியாக சோபாவை உள்ளே நுழைத்தோம். ஆறுக்கு வந்துவிட்டார்கள். உட்காரவைத்து, "பாரிமுனையில எடுத்த சோபா, ரெண்டு வருஷமாச்சு" என்றேன். பையனின் அப்பா அதைத் தடவிப்பார்த்தார். "சோக்கா கீது மாமு. தூக்கினு வரச்சொல்லோ கதவாண்ட மாட்டிகினியே, அடி கிடி பட்டுச்சா?"

விஷயம் என்னவென்றால், நாலரைக்கே வந்துவிட்டவர்கள் ராகுகாலம் கழியட்டும் என்று எபினேசர் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிவியில் நாங்கள்! போச்சு, என் புளுகால் பெண்ணின் வாழ்க்கை போச்சு என்று தலைகுனிந்தேன். பையனின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க பொண்ணப் பாக்க வந்தப்போ நாங்க பக்கத்து வூட்டு ஃபிரிட்ஜையே தூக்கினு வந்தோம். உள்ள இருந்த மாவு கூட அவங்களுதுதான்." அப்பா சொன்னார்: "சோபாவ வுட்டுட்டு உன்னிய இழுத்துச்சு பாரு உன் பொண்ணு, அப்பவே முடிவு பண்ட்டோம்." சௌமியாவுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அப்பாடா! மச்சான், வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கொல்லைப்புறம் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

இருந்தாலும் அடுத்தவன் வாசலை அவனுக்குத் தெரியாமல் பார்ப்பது மகா பாவம். நான் செத்தாலும் செய்யமாட்டேன். ஆகவே மனுவைக் காட்டமாக எழுதி உடனே அனுப்பு. உன் வீட்டுக்காரி அம்முவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. நிச்சயதார்த்தத்துக்கு நீதான் முன்னின்று நடத்தவேண்டும்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

பி.கு: மனுவை இப்போதைக்கு நிறுத்திவை. வரும் ஞாயிறு மாப்பிள்ளை வீடு பார்க்க எண்ணூர் வருகிறோம். அவர்கள் தெருவில் கேமரா இருக்கிறதா, எந்தக் கடை டிவியில் தெரிகிறது என்று விசாரித்துச் சொல். நாலரைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறோம். உன் அக்கா முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள்.