பணியார எழுத்துல ஒரு கருமாதி நோட்டீசு

படிக்கத் தெரியாதவங்க எழுத்தையே பாக்கமாட்டாங்கன்னு நெனச்சுப்போடாதீங்க. படிச்சவங்க சேதியப் பாப்பாங்க. நாங்க அதோட ஒடம்பப் பாப்போம். ஒல்லியா, குண்டா, மொறைக்குதா, சிரிக்குதான்னு.

எனக்குக் கண்ணாலமான புதுசு, வெள்ளைக்காரன் காலம். எங்க மாமனாரு செத்துப்போனாரு. நல்ல பருமன். தொப்பை முன்னால வரும், அவரு பின்னால வருவாரு. கெணத்துத் தண்ணியால சொந்தக்காரங்க அத்தனை பேருகிட்டயும் சண்டை. எழவுக்கே ஆளு வரலீங்க. மாமியாளுக்கு அதுவே ஏக்கம். "கருமாதிக்காச்சு சனம் வருமா கண்ணு? பந்தல் காலியாக் கெடந்தா அவரு தாங்கமாட்டாரே."

(உசுரோட இருக்கறப்ப வந்தவங்களயெல்லாம் தொரத்துனவரு, செத்தப்பறம் தாங்கமாட்டாராமா!)

கொள்ளி வெச்ச எங்க ஊட்டுக்காரரு வெளிய போகக்கூடாது. அதனால நோட்டீசு அடிக்க நானே வண்டி கட்டீட்டு கோயமுத்தூர் போனேன். அச்சாபீசுக்காரரு, மாதிரிக்குன்னு எழுத்தெல்லாம் அடிச்சு வெச்ச தாளை விரிச்சாரு. எல்லாம் எறும்பு ஊர்ந்தாப்பல இருந்துச்சு. ஒண்ணு மட்டும் கொழுகொழுன்னு, ஒரு மூலை முடுக்கு இல்லாம, குழியில உப்பி வந்த பணியாரமாட்ட. அப்படியே எங்க மாமன் தொப்பை!

"இதுல போடுங்க."

"அம்மணி, இது நாடக நோட்டீசுக்குப் போடறதுங்க. கருமாதிக்கு ஒல்லி எழுத்துதானுங்க வழக்கம்."

"எங்க மாமன் ஒல்லி இல்லீங்க."

அதுலயே கட்டுக்கட்டா அடிச்சுக் குடுத்தாரு. ஆள்விட்டுச் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் குடுத்தனுப்புனோம்.

கருமாதியன்னைக்கு சொந்தத்துல ஒருத்தரு வரலீங்க. ஆக்கி வெச்ச சோறு பானை பானையா ஆறுது. மாமியா வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. மத்தியானத்துக்கு மேல பாத்தா, வண்டி வண்டியா சனம்! எனக்குத் தலைகால் புரியல. எறங்குனவங்க கையில பாயி, தலகாணி, கடலக்காப் பொட்டணம்.

ஒரு பெரியவரு எங்கிட்ட வந்து மெல்லமாக் கேட்டாரு. "ஏனுங்க அம்மணி, ராசா வேசம் கட்டறது ஆருங்க?"

அவங்களுக்கும் படிப்பில்லீங்களே! எழுத்தோட ஒடம்பப் பாத்தே நாடகம்னு வந்துபோட்டாங்க. நெலம் பொளந்தா உள்ள போயிருப்பேன். விசயத்தச் சொன்னேன். சங்கடப்பட்டுப் பாயச் சுருட்டுனாங்க. அப்பறம், வந்தது வந்துட்டோம்னு உக்காந்து சாப்புட்டாங்க. ரெண்டு பொம்பளைக, மூஞ்சியே பாக்காத மனுசனுக்கு ஒப்பாரியும் வெச்சுட்டுப் போனாங்க.

எல்லாரும் போனப்பறம் மாமியா என்னையக் கூப்புட்டாங்க. தொலஞ்சோம், அம்மா ஊட்டுக்குத் தொரத்தப் போறாங்கன்னு போய் நின்னேன்.

"ஒருத்தி, கூத்து எப்பங்க ஆரம்பிக்கும்னு கேட்டா கண்ணு."

"நீங்க என்னங்கத்தை சொன்னீங்க?"

"முடிஞ்சு போச்சுன்னு சொல்லிப்போட்டேன்."

சிரிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. அதுலயே அழுகையும் வந்துருச்சு. பந்தல் நெறஞ்சு போச்சேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

இன்னைக்கும் எங்க ஊட்டுல எந்தப் பத்திரிகை அடிச்சாலும், "பாயோட வரோணுமா, சும்மா வரோணுமா?"ன்னு பேரனுக சிரிக்கறானுக. சிரிக்கட்டும். எம்பட கருமாதி நோட்டீசுக்கும் பணியார எழுத்துதான்னு மகங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். எனக்கும் மாமனாட்டச் சண்டக்கார வாய்தானுங்க. சொந்தத்த நம்ப முடியாது.