கால்விரலில் குடியிருந்த அம்மன்

"ஏங்கண்ணு, மனுசர் மொகத்தைப் பாத்துப் பேசமாட்டியா? கீழ என்ன கொட்டிக் கெடக்குது?" என்று வாத்தியார் ஒருநாள் பெருமாயியைக் கேட்டார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே போகவில்லை. ஆனால் மலைமேல் இருந்த அந்த வளப்பூர் நாட்டில் யாருக்கு எந்தக் கால்விரல் கோணல் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாக, அம்மன் அருளால் சீட்டாடுவதாகச் சொல்லிக்கொண்ட சீட்டுச்சாமி மலையேறி வந்தார். ஆளுக்கு மூன்று சீட்டு. எதிராளி தன் சீட்டைப் பார்த்ததுமே, அது நல்லதா மட்டமா என்று அம்மன் சாமியின் காதில் சொல்லிவிடுவாள். நல்லதென்றால் சாமி ஆட்டத்தை விட்டுவிடுவார். மட்டமென்றால் பந்தயத்தை ஏற்றுவார். ஜார்ஜ் ராசா தலைபோட்ட ரூபாயும் மிளகு மூட்டையும் அம்மனுக்கே போய்ச் சேர்ந்தன. அம்மன் சாப்பிடவில்லை, சாமி சாப்பிட்டார். தோற்றவர்களுக்கும் சந்தோஷம்தான். தங்கள் சீட்டை அம்மனே எட்டிப் பார்த்தாளே!

ஒரே ஒரு நியமம். எவ்வளவு குளிர் அடித்தாலும் ஆட உட்காருகிறவர்கள் போர்த்திய கம்பளியை முழங்காலுக்குக் கீழே இறக்கக்கூடாது. அம்மனுக்கு ஆகாதாம்.

மூன்றாம் நாள் பெருமாயியின் அப்பா ராசப்பன் உழவு மாட்டையே பந்தயம் வைத்தார். மாடு போனால் சாமை விதைக்க வழியில்லை.

இரண்டு நாளாக அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பெருமாயி கீழேயே பார்த்திருந்தாள். நல்ல சீட்டு வந்தால் அவர் கால் கட்டைவிரல் தரையை அழுத்தும். மட்டமென்றால் சுண்டுவிரல் துடிக்கும். சாமியின் பார்வையும் அங்கேதான் இருந்தது. பக்தியில் தலைகுனிந்திருக்கிறார் என்று ஊர் நம்பியது.

சீட்டெடுக்க நீண்ட அப்பாவின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பாக்காதீங்கப்பா. சீட்டைப் பாக்கறது அம்மன்தானுங்களே. நீங்க எதுக்குப் பாக்கோணும்?" தரையைப் பார்த்தே சொன்னாள்.

"புள்ள கேக்கறது நாயந்தானுங்க," என்றார் மூன்று மூட்டை மிளகு தோற்ற மாதேஸ்வரன். "சொல்லுங்க சாமி, நல்லதா மட்டமா?"

சாமி அப்பாவின் காலைப் பார்த்தார். கால் சும்மா இருந்தது. அதற்கே ஒன்றும் தெரியாதே!

"மட்டம்."

புரட்டினார்கள். இரண்டு ராசா, ஒரு ராணி. நல்ல சீட்டேதான்.

"அம்மன் கண்ணசந்துட்டா. இன்னொருக்கா!" என்றார் சாமி.

அதையும் சேர்த்துப் பத்து முறை பார்க்காமலே போட்டார்கள். அம்மன் நான்கைச் சரியாகச் சொன்னாள். காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தால்கூட இதைவிட ஒன்று அதிகம் வரும்.

பதினோராவது முறை அப்பா சீட்டைப் பார்த்தார். பெருமாயி அவர் காலில் கம்பளியை இழுத்துப் போட்டாள்.

"கம்பளியை எடு! அம்மனுக்கு ஆகாது!" அந்தக் குளிரிலும் சாமிக்கு வேர்த்தது.

"அம்மனுக்குங்களா, உங்களுக்குங்களா? அப்பா கால்வெரலு சொல்றதைத்தானுங்களே நீங்க சொல்றீங்க. கட்டவெரலு அழுத்துனா நல்லது, சுண்டுவெரலு துடிச்சா மட்டம்."

எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். மாதேஸ்வரன் தன் மூட்டைகளைத் தேடிப் போனார். சாமி மலையிறங்கும் வழியைத் தேடினார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் நின்ற குப்புசாமி கற்பூரத்தோடு வந்து பெருமாயியின் காலில் விழுந்தார்.

"ஆத்தா, அம்மன் உம்மேல எறங்கிட்டா! எங்க எருமை எப்பக் கன்னு போடும், சொல்லு தாயி!"

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. தலையைத் தரையில் வைக்க எல்லோருக்கும் நேரமிருந்தது. அந்தத் தலைக்குள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் ஒருவருக்கும் ஒழியவில்லை.

பெருமாயி மாட்டை அவிழ்த்தாள். முதல்முறையாக நிமிர்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு சாமை விதைக்க மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.