உச்சந்தலை விசாரணைக் கமிஷன்

வைத்தியம் செய்துகொள்கிறவர்கள் ஓர் இனம். மாட்டவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அதன் பெயர் 'விசாரிக்கிறவர்'. எந்த வைத்தியத்தையும் இவர் வேண்டாமென்று சொல்ல மாட்டார், எதையும் செய்துகொள்ளவும் மாட்டார். விசாரிப்பார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பர்ரான்கீயாவில், சாயங்காலம் நாங்கள் டோமினோ ஆடுகிற மளிகைக்கடை வாசலில், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலைசிறந்த என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவருடைய பிரச்சினையே தலைதான். பெயர் வில்ஃப்ரிதோ. மின்விசிறிக் கடை வைத்திருக்கிறார். முன்முடி பின்வாங்கி, உச்சி மெலிந்து, இரண்டும் எங்கே சந்தித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் எந்நேரமும் பேஸ்பால் தொப்பி போட்டிருப்பார். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவி யாதிராவைக் கேட்டால், "அந்தத் தொப்பிக்கே நான் முத்தம் கொடுத்துப் பழகிட்டேன்" என்பாள்.

ஒருநாள் சலூனில் யாரோ அவரிடம் சொன்னார்கள். நம்முடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரைத் தலையில் ஊசியால் போட்டால் முடி அடர்த்தியாகிறதாம். பி.ஆர்.பி. என்று பேராம். கமிஷன் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டது.

சலூன்காரரை விசாரித்தார். மருந்துக்கடைப் பெண்ணை விசாரித்தார். பல்லைக் காட்டப் போன இடத்தில் பல் டாக்டரிடம் தலையைப் பற்றி விசாரித்தார். பஸ்ஸில் முன் இருக்கைக்காரரின் உச்சியை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து, "ஐயா, இது தானா வளந்ததா, ஊசியா?" என்று கேட்டு, அடி வாங்காமல் தப்பினார். கொஞ்ச நாளில் அவருக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை: மெலிந்துவருகிற இடத்தில் பலிக்கும், வேரே செத்துப்போன வழவழப்பில் பலிக்காது, ஒரே தடவையில் தீராது, மாதம் ஒன்றாகச் சில தடவையும் பிறகு அவ்வப்போதும் போட வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இத்தனையும் தெரிந்துகொண்டு என்ன செய்தார்?

இன்னும் விசாரித்தார்.

"நீ முதல்ல போட்டுக்கோ மச்சான், உனக்கு வளந்தா நான் வரேன்" என்று யாதிராவின் அண்ணன் நிக்கனோரைப் பிடித்தார்.

நிக்கனோர் டோமினோக் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் மண்டையில அரேப்பா ரொட்டி தட்டலாம், அவ்வளவு வழவழப்பு. எனக்கெதுக்குய்யா ஊசி? ஆட்டத்தப் பாரு."

கடைசியில் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, அந்த ஊசி போடுகிற டாக்டர் மிலேனாவிடமே போனார்.

"வலிக்குமா டாக்டரம்மா?"

"மரத்துப்போற மருந்து போடுவோம். அப்படியும் கொஞ்சம் வலிக்கும்."

"அடுத்தவன் ரத்தம் மாறிட்டா?"

"உங்க கண்ணு முன்னாடிதான் எடுப்போம், சுத்துவோம். குழாயில உங்க பேரு இருக்கும்."

"வளருமா?"

"நிறைய பேருக்கு அடர்த்தியாகுது. சிலருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. கட்டாயம் வளரும்னு சத்தியம் பண்றவங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க. எங்க, தொப்பியக் கழட்டுங்க, பாத்துடலாம்."

வில்ஃப்ரிதோ இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா, இன்னிக்குச் சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்."

அந்தச் 'சும்மா' அடுத்த கார்னிவல் திருவிழா வரைக்கும் நீண்டது. ஆளுக்கு ஆள் மாவை வீசி விளையாடுகிற அந்தக் கூட்டத்தில் எவனோ தலைமேல் மாவைக் கொட்டித் தொப்பியையும் பறித்துக்கொண்டு ஓடினான். மறுநாள், மாடியிலிருந்து எடுத்த படத்தை நிக்கனோர் போனில் காட்டினான்.

"யாரு மச்சான் இந்தக் கிழவன்? பாவம்."

"நல்லா பாரு. பக்கத்துல நிக்கிறது என் தங்கச்சி."

அந்த வாரமே யாதிராவையும் என்னையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் டாக்டர் மிலேனா முகம் மலர்ந்தார். வில்ஃப்ரிதோவைப் பார்த்து அல்ல.

"வா யாதிரா! உனக்கு அடுத்த மாசம்தானே வரச் சொன்னேன்?"

வில்ஃப்ரிதோ திரும்பினார். "உனக்கா? உனக்கு என்ன?"

"ஜுரம் வந்து எழுந்ததிலேர்ந்து கொத்துக் கொத்தா கொட்டிச்சு. ரத்தத்தப் பரிசோதிச்சாங்க, இரும்புச்சத்து கம்மின்னு மாத்திர குடுத்தாங்க. அப்புறம் ஊசி. நாலு தடவ வந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே! எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"கேட்டிருந்தா இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருப்பேன்." சொல்லும்போது சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வகிடு ரெண்டு விரல் அகலத்துக்கு ஆயிடுச்சுன்னு ஒருநாள் கண்ணாடி முன்னாடி நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். நீ உள்ள வந்தே. 'மருந்துக்கடைக்காரி என்ன சொன்னா தெரியுமா'ன்னு ஆரம்பிச்சே. ஊர்ல ஒரு தலை பாக்கி இல்லாம பாத்தியே, மனுஷா."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் இருந்த ஷாம்பு விளம்பரத்தை முழுக்கப் படித்தேன். வில்ஃப்ரிதோ மனைவியின் வகிட்டை மெல்ல விரலால் தடவினார். அங்கே புதுமுடி குச்சி குச்சியாக நின்றிருந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

டாக்டர் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "முன்பக்கத்த மறந்துடுங்க, அங்க வேர் இல்ல. உச்சியில முயற்சி பண்ணலாம். போன வருஷமே கழட்டியிருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்."

ரத்தம் எடுக்கும்போது வீரர்போல இருந்தார். முதல் ஊசி தலையில் இறங்கியதும் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த இருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாதிரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச விடு, மூச்ச விடு" என்று பிரசவம் பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து உச்சியில் கொஞ்சம் கறுப்புத் தட்டியது. நெற்றி மைதானம் மைதானமாகவே இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போகிறார்கள், திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது முழங்கால் வலி வந்திருக்கிறது. வருகிறவர் போகிறவரின் நடையையெல்லாம் பார்க்கிறார். ஒரே வித்தியாசம், முதலில் யாதிராவைக் கேட்கிறார்: "உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உங்கள் இடது கை எங்கே இருந்தது? உச்சியிலிருந்து அதை எடுங்கள். எடுத்தாயிற்றா? இனி நிமிர்ந்து, பக்கத்தில் இருப்பவரை ஒருதரம் நன்றாகப் பாருங்கள். அதற்கு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.