மாமனாருக்குத் திரை எதற்கு?

அறையில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை, மாமனார், கதவருகே மாமியார், மேசைமேல் மாமனாரின் மடிக்கணினி. மாப்பிள்ளையின் கணினி காலையில்தான் உயிரை விட்டிருந்தது.

எட்டு மாதமாக வேலை இல்லை. கிடைக்கவிருந்ததோ, கம்ப்யூட்டர் கோளாறு என்று கூப்பிடுகிறவர்களுக்குப் போனிலேயே வழி சொல்லும் வேலை. அதற்கு இப்போது ஆன்லைனில் இன்டர்வியூ. "இதுவும் போச்சுன்னா இந்த வீட்ல எந்த முகத்தை வச்சுக்கிட்டு நடமாடுவீங்க? அப்பாவுக்குக் கண் தெரியாதது உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

மாமனாருக்குப் பார்வை போய்ப் பல வருடம். கணினியோடு கூடவே வந்த குரல் ஒன்று, திரையில் இருப்பதையெல்லாம் அவருக்குப் படித்துச் சொல்லும். ரயிலுக்கு நேரமானவனைப் போலப் படிக்கும். அதைக் கேட்டுக் கேட்டு விசைகளைத் தட்டி, இன்டர்வியூவுக்கான இணைப்பை அவரே திறந்தார்.

"ஆச்சு மாப்ளே. உக்காருங்க."

திரை கன்னங்கரேலென்று இருந்தது.

"மாமா, ஒண்ணுமே தெரியலையே!"

"எனக்கும்தான். திரையை நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். பாக்காதவனுக்கு எதுக்கு வெளிச்சம்? பேட்டரியாவது மிச்சமாகட்டும்."

குரல் பொரிந்து தள்ளியது. மாப்பிள்ளைக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "முதல்ல இந்தச் சனியன் வாயை மூடணும்" என்று கைக்குக் கிடைத்த விசையை அழுத்தினான். குரல் செத்தது.

மாமனார் தலையைத் திருப்பினார். "சத்தத்தை நிறுத்திட்டீங்களா?"

"ஆமா. இப்ப நிம்மதியா திரையைப் போடுங்க."

"எதைக் கேட்டுப் போடுறது? இதுவரைக்கும் இந்த ரூம்ல ஒரு குருடன். இப்ப ரெண்டு."

மாப்பிள்ளை கண்டதையும் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

"பிளக்கைப் புடுங்கிப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் மாமியார்.

பிடுங்கினான். பிளக்கோடு சுவரிலிருந்த பெட்டியும் கையோடு வந்தது. திரை மட்டும் அப்படியே கறுப்பு.

"எனக்குன்னே வந்து வாய்க்குது பாருங்க! கண்ணு தெரியாதவர்கிட்டப் போய்க் கம்ப்யூட்டர் கேட்டேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்! அப்படி என்ன பெரிய வேலை? மூளையில்லாத ஜனங்க போன்ல கத்துறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற வேலை!"

"செருப்பு வாசல்லதான் கிடக்கு" என்றாள் மாமியார்.

மாமனார் அவன் கத்தி ஓயும்வரை காத்திருந்தார். "முடிஞ்சுதா? கையை எடுங்க. எந்த விசையை அழுத்துனீங்க?"

"தெரியாது!"

"தெரியலைன்னா பரவாயில்ல. மேல் வரிசையைப் பாருங்க. ஒலிபெருக்கிப் படம் போட்டது ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு... குறுக்கே ஒரு கோடு."

"அதேதான். ஒரு தடவை அழுத்துங்க. ஒரே தடவை. ஆத்திரத்துல ரெண்டு தடவை தட்டுனா மறுபடி செத்துரும்."

அழுத்தினான். குரல் உயிர்த்தது. மாமனார் காதைச் சாய்த்துக் கேட்டு, எதையோ தட்டினார். திரை விடிந்தது.

திரையில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வ... வணக்கம் மேடம். இப்பத்தான் வந்தீங்களா?"

"நான் முதல்லேர்ந்தே இருக்கேன் சார். வாயைத் திறக்கிறதுக்குள்ள சத்தத்தை நிறுத்திட்டீங்க. உங்க மைக் நல்லாவே வேலை செய்யுது."

எட்டு மாதமும் ஒன்றுசேர்ந்து மாப்பிள்ளையின் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"மேடம், மூளையில்லாத ஜனங்கன்னு நான்..."

"அதை விடுங்க. கூப்பிடுறவங்க திரை நம்ம கண்ணுக்குத் தெரியாது. அவங்க கத்துவாங்க. நாம பதறாம வழி சொல்லணும். எங்க வேலையே அதான். எங்களுக்கு ஆள் கிடைச்சாச்சு. நீங்க எந்திரிச்சு அந்தப் பெரியவரை உக்கார விடுங்க."

மாமனார் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ளே, இன்டர்வியூ நடக்குது. கொஞ்சம் வெளிய இருங்க."

அவன் வெளியே வந்ததும் மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.