பதினேழாம் எண் டப்பா

காலை மாத்திரையைப் போட்டோமா, இல்லையா? திறந்த டப்பாவும் கையுமாக அரைமணி நேரமாய் முழித்துக்கொண்டிருந்தார் சங்கரநயினார்.

லேசுப்பட்ட மாத்திரையா அது? பெப்டைடு என்கிற புரதத் துணுக்கு வயசானவர்களின் மறதிக்கு உதவுமா என்று திருநெல்வேலியில் ஆராய்ச்சி நடக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது. டப்பாவில் பெயர்கூடக் கிடையாது, பதினேழு என்ற எண் மட்டும். நாளைக்குப் பரிசோதனை. மிச்ச மாத்திரைக் கணக்கு உதைத்தால் ஆராய்ச்சியிலிருந்தே கழித்துவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு இதைவிட மானக்கேடு உண்டா?

"ஏட்டி, நான் மாத்திரை போட்டேனா?"

"காலண்டரைப் பாருங்க" என்று காபியை நீட்டினாள் காந்திமதியம்மாள்.

அது மூன்றாவது காபி. ஏற்கெனவே இரண்டு குடித்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் அவர் ஞாபகத்தை யார் நம்புவது? குடித்தார்.

காலண்டரில் இன்றைய தேதியில் இரண்டு டிக்.

"பால் வாங்குனதுக்கு நானும் டிக் போடுவேன்லா?" என்றாள் அவள்.

"அப்ப இன்னொண்ணு மாத்திரைக்கா?"

"ரெண்டும் பாலுக்குப் போட்டதோ என்னமோ!"

அதனாலென்ன, புளியங்கொட்டை இருக்கிறதே. மாத்திரைக்கு ஒன்று வீதம் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் கிண்ணம் காலி.

"அய்யோ, அதையா? ஆடிச்சுத்து எண்ணுததுக்குக் கோயிலுக்குக் கொண்டுபோயிட்டேனே. சுத்துக்கு ஒண்ணாப் போட்டாச்சு."

"நூத்தியெட்டும் சுத்திட்டியா?"

"யாருக்குத் தெரியும்? கொட்டை தீந்துது, வந்துட்டேன்."

தலை கிறுகிறுத்தது. மாத்திரையையே எண்ணினார். ஒன்று மிஞ்ச வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. அதிகாரி மூளை சட்டென்று வேலை செய்தது. இரண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கணக்கு நேரானது. பிறகுதான் உறைத்தது. ஒரே நேரத்தில் இரண்டா! ஏதாவது ஆகிவிட்டால்?

ஆராய்ச்சி நர்ஸ் ஷமீராவுக்குப் போன் போட்டு, ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"ரெண்டு மாத்திரையா? யாரு போட்டா?"

"நாந்தாம்மா. தினமும் நாந்தான் போடுதேன். தப்பா நினைக்காதீங்க, எல்லாம் இந்தப் பாழாப்போன மறதி."

அடுக்களையிலிருந்து காந்திமதியம்மாள் நாலாவது காபியோடு வந்தாள்.

"சார்... மருந்து அம்மாவுக்கு. மறக்காம எடுத்துக் குடுக்கதுக்குத்தான் உங்ககிட்ட கையெழுத்து வாங்குனோம்!"