ஒட்டகம் வேண்டவே வேண்டாம்

"சார், எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார், சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணி.

கண்ணாடிக்கடைக்காரர் காதில் அது விழவே இல்லை. அந்த அம்மாளின் வலது கண்ணுக்கு முன்னால் நாலு லென்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, காலையில் வந்த கடிதத்தை ஆறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"தங்கள் கடிதங்கள் தொடர்பாகப் பேச வேண்டியுள்ளது. வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னதாக, பகல் பன்னிரண்டு மணிக்கு, சீசன் அட்டையுடன் கிளப் அலுவலகத்துக்குத் தவறாமல் நேரில் வரவும். செயலாளர்."

"இப்போ மூணு மூணா தெரியுது சார்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அவர், ஐந்தாவது லென்ஸைச் செருகியபடி.

அந்த அம்மாள் லென்ஸ் செருகிய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கண்ணெல்லாம் 'சீசன் அட்டையுடன்' என்ற சொல்லிலேயே நின்றது. சும்மா பேசுவதற்கு அட்டை எதற்கு? பிடுங்கத்தான்! வேறென்ன?

கடிதத்தை ஏழாவது தடவையாகப் படித்தார். படிக்க மாட்டாரா பின்னே? கால்பந்து மைதானத்தில் வடக்கு கேலரி, ஏழாம் வரிசை, பத்தொன்பதாம் இருக்கை. இருபத்திரண்டு வருஷமாக அது அவருடையது. கடையில் அவர் பேசினால் "என்ன சொன்னீங்க?" என்று எல்லோரும் இரண்டாம் தடவை கேட்பார்கள், அவ்வளவு மெல்லிய குரல். அதே மனிதர் ஆட்டத்தன்று கழுத்துத் துண்டைத் தலைக்குமேல் பிடித்துப் பாட்டின் முதல் அடியை எடுத்துவிட்டால், மூவாயிரம் பேர் இரண்டாம் அடியைப் பிடிப்பார்கள். மேளக்காரர்கள் அவர் கையைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். அங்கே அவர் பெயர் லென்ஸ் அண்ணன். அந்த இருக்கை போய்விட்டால் மீதி இருப்பது கண்ணாடிக்கடையும் சர்க்கரை வியாதியும்தான்.

வினை எங்கிருந்து வந்தது என்றால், அவருடைய பேனாவிலிருந்து வந்தது. கிளப் யாரையாவது வாங்கப் போகிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்தால் போதும். அந்த வீரர் ஆடிய ஆட்டங்களை மூன்று தடவை போட்டுப் பார்ப்பார். உடனே உட்கார்ந்து, வாங்கலாமா கூடாதா என்று செயலாளருக்குக் கடிதம் எழுதிவிடுவார். மொட்டைக் கடிதம் இல்லை. பெயர், விலாசம், கடை முத்திரை எல்லாம் இருக்கும். பதினோரு வருஷமாக எழுதுகிறார். ஒரு பதில் வந்ததில்லை. வீட்டில் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

கடைசியாக எழுதியது புது ஸ்ட்ரைக்கரைப் பற்றி. "ஆறடி நாலு அங்குலத்தில் ஐந்தடி வெறும் கால். இந்த ஒட்டகத்தை வாங்கினால் கோல் கம்பத்துக்கு வழி கேட்டுக்கொண்டே மைதானத்தைச் சுற்றும். வேண்டவே வேண்டாம். மீறி வாங்கினால், உங்களுக்கு இனி ஒரு வரி எழுத மாட்டேன். இது சத்தியம்."

மீறி வாங்கினார்கள். ஒட்டகம் ஏழு ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டது. கேலரியில் இவர் வாய் தவறிச் சொன்ன அந்தப் பட்டப்பெயரையே பிடித்துக்கொண்டு, "ஒட்டகம் வருது, வழியை விடு!" என்று மூவாயிரம் பேரும் ஆசையாகப் பாடுகிறார்கள். முதல் அடி எடுத்துக்கொடுப்பது யார்? லென்ஸ் அண்ணன்தான். வேறு வழி?

ராத்திரி வீட்டுக்குப் போனதும் கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களா?" என்றார் மனைவி.

"பதினோரு வருஷத்துல இந்த ஒரு ஆளு விஷயத்துலதான் சறுக்கிட்டேன். அதுக்காக அட்டையைப் புடுங்கறதா?"

"ஒரு ஆளு விஷயத்துலதானா?" என்று கேட்டுவிட்டு, மனைவி சிவப்பு மையில் ஒரு பெரிய தப்புப் போட்டார். "சரி விடுங்க. தப்பு செஞ்ச பிள்ளைங்களை நான் என்ன செய்யச் சொல்வேன்? மன்னிப்புக் கடிதம் எழுதுங்க. அந்தப் பையனை நாலு வார்த்தை புகழ்ந்து எழுதுங்க. கோபம் தணிஞ்சிடும்."

நாலு வார்த்தை என்றால் நம்மவர் விடுவாரா? நாலு பக்கம் எழுதினார். "அது ஒட்டகம் அல்ல, பந்தயக் குதிரை. எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்து, செவ்வாய்க்கிழமை காலையில் தன் கையாலேயே கிளப் தபால் பெட்டியில் போட்டார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை ஒரு டவுன் பஸ் கடை வாசலிலேயே வந்து நின்றது. அங்கே பஸ் நிறுத்தமே கிடையாது. டிரைவர் குதித்து இறங்கி உள்ளே ஓடிவந்தார். மனைவியின் தம்பி. கேலரியில் பதினெட்டாம் இருக்கை.

"மாமா, பேப்பர் பாத்தீங்களா? ஒட்டகத்தை விக்கப் போறாங்களாம்! சனிக்கிழமை சாயங்காலம்தான் கெடு. அதுக்குள்ள வித்துடுவாங்களாம்!"

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒன்பது கோல் போட்டவனையா? ஏன் மாப்ள?"

"அதான் கொடுமை! கிளப்ல புல் வெட்டறவரு நம்ம பஸ்லதான் வர்றாரு. அவர் சொல்றாரு, எவனோ ஒரு ஆள் லெட்டர் எழுதியிருக்கானாம். அதைப் படிச்சுட்டுத்தான் செயலாளர் விக்கலாம்னு முடிவு பண்ணாராம். அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும் மாமா, பஸ்ஸுக்கு முன்னாடி படுக்கப் போட்டுருவேன்!"

"யோவ் டிரைவர், ஆபீசுக்கு நேரமாச்சுய்யா!" என்று பஸ்ஸிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"இருங்கய்யா, ஊரே பத்தி எரியுது!" என்று சத்தம் போட்டுக்கொண்டே மச்சினன் ஓடினார்.

கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கணக்குப்படி விஷயம் இதுதான்: பதினோரு வருஷமாகத் தூங்கிவிட்டு, கிளப் இப்போதுதான் விழித்துக்கொண்டு அவருடைய பழைய கடிதத்தை மதித்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதினாரே, அதைப் படித்துவிட்டுத்தான் விற்கிறார்கள்! மன்னிப்புக் கடிதத்தை எவனும் பிரித்தே பார்க்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் இருக்கை போவது இருக்கட்டும், தலையே தப்பாது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. பயத்தில் வருகிற யோசனை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கிளப்புக்குப் போன் போட்டார். தபால் பிரிக்கிற பெண் எடுத்தார்.

"அம்மா, வடக்கு கேலரி, ஏழாம் வரிசை, பத்தொன்பது. என் பேர்ல உங்களுக்கு ஏதோ லெட்டரெல்லாம் வருதாமே. அதெல்லாம் நான் எழுதினது இல்லம்மா. எவனோ என் பேரை வெச்சு விளையாடுறான்."

எதிர்முனையில் ஏதோ உடைந்து விழுகிற சத்தம் கேட்டது.

"என்ன சார் சொல்றீங்க? எதுவுமே நீங்க எழுதலையா? பதினோரு வருஷமா வந்ததெல்லாம்?"

"எதுவுமே இல்லம்மா."

"அய்யய்யோ! அப்போ யாரு சார் அது? எங்க இருக்காரு? எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அந்தப் பெண் அழாத குறை. "சார், சனிக்கிழமை நீங்க கண்டிப்பா வந்தாகணும். கையெழுத்தை ஒத்துப் பாக்கணும். வரலைன்னா செயலாளரே உங்க கடைக்கு வந்துடுவாரு!"

கையெழுத்தா! கண்ணாடிக்கடைக்காரர் போனை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை முழுவதும் கடையைச் சாத்திக்கொண்டு இடது கையால் எழுதிப் பழகினார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. கிளப் அலுவலகத்தில் நீள மேஜை. அதன்மேல் பதினோரு தடித்த கோப்புகள், வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கடிதத்திலும் பச்சை மையில் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அவர் மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு ஆதாரமா?

செயலாளர் இரண்டு நாளாகத் தூங்காதவர் போலிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடி வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் நம்மவர் அதைக் கேட்காமலே கழற்றி நிமிர்த்தியிருப்பார்.

"இதுல ஒரு வரி எழுதுங்க" என்று காகிதத்தை நீட்டினார் செயலாளர். "ஒட்டகம் வேண்டவே வேண்டாம்."

நம்மவர் இடது கையால் எழுதினார். கோழி நடந்துபோன மாதிரி இருந்தது. செயலாளர் அதையும் கோப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"இவர் இல்லம்மா" என்றார்.

தபால் பிரிக்கிற பெண் மூக்கை உறிஞ்சினார். "இனிமே அந்த மனுஷனை எங்க சார் போய்த் தேடுவோம்? மறுபடி எழுதுவாரோ மாட்டாரோ, சத்தியம் வேற பண்ணியிருக்காரு. எல்லாம் போச்சு."

அந்த நேரம் பார்த்து வெளியே முதல் மேளம் கேட்டது. கேலரிக்காரர்கள் தெருவில் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவரும் பாட்டைச் சரியான சுருதியில் எடுக்கவில்லை, நாராசமாக இருந்தது. அதற்குமேல் நம்மவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார்!" என்று எழுந்து நின்றுவிட்டார். "எல்லாம் நான்தான் எழுதினேன்! பதினோரு வருஷமும் நான்தான். என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அட்டையை மட்டும் புடுங்கிடாதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். அந்த இடம் இல்லைன்னா நான் செத்துடுவேன்!" வலது கையால் சரசரவென்று அதே வரியை எழுதியும் காட்டினார்.

செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை வந்த லெட்டர்? பந்தயக் குதிரைன்னு நாலு பக்கம்? அதுவும் நீங்களா?"

"நான்தான் சார். ஆனா அது பயத்துல எழுதினது. மனசுல இருந்து வரல."

"மனசுல என்ன இருக்கு? மறைக்காம சொல்லுங்க. உங்க இடத்துக்கு நான் பொறுப்பு."

நம்மவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க சார். ஒன்பது கோல் போட்டாலும் அது ஒட்டகம்தான். உருப்படவே உருப்படாது."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் செயலாளர். ஐந்து வயது குறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். தபால் பிரிக்கிற பெண் கைதட்டியே விட்டார். செயலாளர் பக்கத்து அறைக்கு ஓடி யாருக்கோ போன் பேசிவிட்டு, திரும்பி வரும்போது ஒரு புது அட்டையுடன் வந்தார். வடக்கு கேலரி, ஏழாம் வரிசை, பத்தொன்பது. ஆயுள் முழுவதும்.

"இதைக் குடுக்கத்தான் சார் வரச் சொன்னோம். பழைய அட்டையை வாங்கிட்டு இதைத் தரணும். ஒரே ஒரு நிபந்தனை. நீங்க எழுதறதை நிறுத்தவே கூடாது. மனசுல பட்டதை அப்படியே எழுதணும். யார் பேச்சையும் கேட்டு மாத்தி எழுதக்கூடாது."

பதினோரு வருஷம்! ஒரு வரி பதில் இல்லாமல் எழுதியதெல்லாம் வீண் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கே ஒரு உதவி" என்று செயலாளர் இரண்டு டிஃபெண்டர்களின் ஆட்டத்தைத் திரையில் போட்டார். "இவங்கள்ல யாரை வாங்கலாம்?"

கண்ணாடிக்கடைக்காரர் மூன்று தடவை பார்த்தார். "சந்தேகமே வேணாம். சுருட்டைமுடிப் பையன் தங்கம். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. அந்த மொட்டைத்தலை இருக்கானே, திறந்து வெச்ச கதவு. தெருவுல போறவனெல்லாம் உள்ள வந்துடுவான்."

செயலாளர் ஒரு சொல் விடாமல் பச்சை மையில் குறித்துக்கொண்டார்.

கேலரிப் படிகளில் அவரைக் கூட்டிக்கொண்டு போனது தபால் பிரிக்கிற பெண். நம்மவர் படி ஏறினாரா, பறந்தாரா என்று சொல்ல முடியாது. நெஞ்சில் ஐந்து நாளாக உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. கொடிகள், மேளம், மூவாயிரம் கழுத்துத் துண்டுகள். "எங்க மாமா போயிட்டீங்க? பாட்டு நாறுது!" என்று மச்சினன் கத்தினார். நம்மவர் துண்டைத் தலைக்குமேல் பிடித்து முதல் அடியை எடுத்தார். கேலரி அதிர்ந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "ரசிகர்களுக்கு ஒரு நற்செய்தி. நமது ஸ்ட்ரைக்கர் எங்கும் போகவில்லை. இன்னும் ஐந்து வருஷத்துக்கு நம்முடன்தான்!"

கேலரி கூத்தாடியது. மச்சினன் நம்மவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். நம்மவருக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. இனி யாரும் பஸ்ஸுக்கு முன்னால் படுக்க வேண்டியதில்லை.

"மேலும், ஒரு புது டிஃபெண்டரை வாங்கியிருக்கிறோம்" என்றது ஒலிபெருக்கி. பெரிய திரையில் படம் வந்தது. பளபளவென்று மொட்டைத்தலை.

நம்மவர் கை துண்டோடு அப்படியே அந்தரத்தில் நின்றது. ஒட்டகம் உருப்படாது என்றார், வைத்துக்கொண்டார்கள். மொட்டை வேண்டாம் என்றார், வாங்கிவிட்டார்கள். அவர் பதறிப்போய் தபால் பிரிக்கிற பெண்ணின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, சீக்கிரம் ஓடிப் போய்ச் சொல்லுங்க! செயலாளர் நான் சொன்னதைத் தலைகீழா எடுத்துக்கிட்டாரு!"

"பதினோரு வருஷமா அப்படித்தான் சார் எடுத்துக்கிறோம்" என்றார் அந்தப் பெண், மேளத்துக்குக் கைதட்டிக்கொண்டே. "அதனாலதான் ஒரு தடவைகூட நாம தப்பான ஆளை வாங்கினதில்ல."