சோப்பு போட்ட இரண்டு பாத்தி

வெங்காயத் தாளில் படிந்திருந்தது சிமெண்ட் தூசி என்று நான் நம்பினேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

குன்னம் வட்டாரத்திலேயே பயிருக்கு ‘வாங்க போங்க’ சொல்லி மனிதரை மட்டும் திட்டுகிற ஆள் டேங்கண்ணன்தான். மருந்தடிக்கிற டேங்க்கை முதுகிலிருந்து இறக்காமலே டீ குடிப்பார்.

மனைவி அரை ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டிருந்தாள். “தண்ணி மட்டும் பாருங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மறுநாள் வயலுக்குப் போனால், தாளெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ரோட்டிலோ நாளெல்லாம் அரியலூர் சிமெண்ட் லாரி. ஒரு மழை பெய்தால் பயிர் கான்கிரீட் ஆகிவிடுமே!

பக்கெட்டில் சோப்புத்தூளைக் கரைத்து, பழைய பனியனால் தாள் தாளாகத் துடைத்தேன். இரண்டு பாத்தி முடிந்தபோது டேங்கண்ணன் வந்தார்.

“சார், என்ன பண்றீங்க?”

“சிமெண்ட எடுக்கறேண்ணே.”

“அடப்பாவி மனுசா! அது மெழுகுய்யா. அவங்களே பூசிக்கிட்டது. உள்ள இருக்கற தண்ணி வெயில்ல போயிடாம அதுதான் காக்குது. இப்புடித் தொடச்சு வுட்டுட்டியே!”

துடைக்காத தாளில் ஒரு கை தண்ணீர் தெளித்தார்; முத்து முத்தாக உருண்டு ஓடியது. என் பாத்தியில் தெளித்தார்; நனைந்த சட்டை போல அப்பிக்கொண்டது. பிறகு குனிந்து, “மன்னிச்சுக்குங்கம்மா, படிச்சவரு” என்றார் பயிரிடம்.

உச்சி வெயிலில் நுனிகள் தொங்கின. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

“பயிரு எப்புடி இருக்கு?”

“சுத்தமா இருக்கு.”

நான் பயிருக்குக் குடை பிடித்துக்கொண்டு பாத்தியில் போய் நின்றேன். டேங்கண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டேங்க்கைக் கீழே இறக்கி வைத்தார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. தென்னங்கீற்று கொண்டுவந்து பந்தல் போட்டார். தினமும் காலையில் அவரே தண்ணீர் விட்டார், என்னைத் திட்டிக்கொண்டே.

காய்ந்த நுனி திரும்பவில்லை. சில நாளில் நடுவிலிருந்து புதுத் தாள் வந்தது, தன் மெழுகோடு. மனைவியும் வந்தாள்.

“இது என்னண்ணே, ரெண்டு பாத்தி மட்டும் காஞ்சு கெடக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் டேங்கண்ணன் முந்திக்கொண்டார். “மருந்து தாள்ல ஒட்டறதுக்குக் கலக்கற பசைய அதிகமாப் போட்டுட்டேன் தங்கச்சி. என் தப்புதான்.”

அவள் அவரைக் கால் மணி நேரம் திட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.